வெள்ளச்சியின் இடது கால்

மற்றவர்கள் இருக்கிற காலுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்வார்கள். நாங்கள் இல்லாத காலுக்கு அளவெடுத்துக் கால் செய்வோம். கண்ணமங்கலத்துக்காரனான நான், சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஒர்க்‌ஷாப்பில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில், மாதம் ஒரு தடவை வேனில் ஏற்றி ஜவ்வாது மலைக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் கேம்ப். கேம்ப், முகாம் என்று மருந்துப் பெட்டியோடு அலைந்தவராக நீங்கள் இருந்தால், நான் சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு கால் குறைகிறது

இளம்பிள்ளை வாதம் வந்த காலைத் தாங்க இரும்புக் கம்பியும் பட்டையும் வைத்து ஒரு சட்டம் செய்வோம். காலிப்பர் என்று பெயர். ஒரு குழந்தைக்கு வலது காலில் அதை மாட்டி, நாலடி நடக்கவும் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷர் சட்டத்தையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொன்னு எங்க சார்?" என்றார். இடது கால் நன்றாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் வேண்டாம் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் நாலு பேரும் கேட்டார்கள். எல்லாம் புரிந்தது மாதிரி தலையாட்டிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னது:

"அதெல்லாம் சரி சார், ஒயிங்கா வேல செய்யற காலுக்கு ஒண்ணும் இல்ல, வேல செய்யாத காலுக்கு மட்டும் சீதனமான்னு அது கோச்சிக்காதா?"

தேயாத பூட்ஸ்

மலையூர்க்காரி வெள்ளச்சியைப் பாம்பு கடித்தது சாமைக் காட்டில். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டி, கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒன்றரை நாள். விஷத்துக்கு அவள் தப்பினாள்; கட்டுக்கு அவள் கால் தப்பவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புருஷன் ஏற்கெனவே இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவர் விட்டுப்போன சாமைக் காடு மட்டும் உண்டு. "உன்னால ஆவாது அண்ணி, காட்ட நான் ஓட்டிக்கறேன், எங்க வூட்லயே கூழு குடிச்சிட்டு உக்காந்துக்கோ" என்று கொழுந்தன் சின்னான் சொல்லிவிட்டானாம். இந்த வருஷ அறுப்பை அவளே அறுத்து, அவளே களத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் காடு அவளுடையது. இல்லாவிட்டால் அவனுடையது. ஊரில் வைத்துப் பேசியாகிவிட்டது.

அதனால் மற்ற கால்களைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே உழைத்து அவள் காலைச் செய்தேன். மரத்தில் கடைந்து, தோல்பட்டை வைத்து, நுனியில் கறுப்பு பூட்ஸ். முதல் மாதம் கேம்புக்கு நடந்தே வந்தாள். இரண்டாம் மாதமும் வந்தாள். நான்காம் மாதம் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் ஏறக்குறைய கடையில் வாங்கிய மேனிக்கு இருந்தது. அவளுடைய உள்ளங்கைகளும் இடது முழங்காலுந்தான் காய்ப்புக் காய்த்திருந்தன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலில் ஏதாவது குறையா, உறுத்துகிறதா, கனக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"காலு நல்லாத்தான் கீது சார். வழியெல்லாம் அதுலதான் நடக்கறேன். போய்ச் சேர்ற எடந்தான் அத்த ஒத்துக்க மாட்டேங்குது."

வாசலில் நின்ற கால்

இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். அடுத்த கேம்ப் முடிந்ததும், வேனை நிறுத்திவைத்துவிட்டு அவள் ஊருக்கே நடந்தேன். வீட்டு வாசலில் சின்னானின் டயர் செருப்பு ஜோடிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி நான் செய்த கால் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வெள்ளச்சி முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, அடுப்புக்கும் குடத்துக்குமாக நகர்ந்துகொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். நாய் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வாய், இதற்கா ராத்திரி பகலாக மரத்தைக் கடைந்தேன் என்று கத்தினேன்.

"செருப்போட வூட்டுக்குள்ள வரச் சொல்றீங்களா சார்?" என்றாள், என் மேல் பரிதாபப்பட்டு. வீட்டுக்குள் செருப்பு ஆகாது. விளைந்த காட்டுக்குள் ஆகாது. களத்தில் ஆகவே ஆகாது. சாமி இருக்கிற பக்கம் கேட்கவே வேண்டாம். அவளுக்குக் கால் வேண்டியதே இந்த நாலு இடத்துக்குத்தான். மிச்சம் இருப்பது எங்கள் கேம்புக்கு வருகிற பாதை. அப்படியானால் பூட்ஸை மட்டும் கழற்றிக்கொள்ளேன் என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல. அவள் காலை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். எங்கள் வேலையில் பாதம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பூட்ஸ்தான் பாதம், அதற்குள் ஒரு மரக்குச்சி, ரெண்டு ஆணி. இத்தனை வருஷம் நான் செய்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"பூட்ஸக் கயட்டுனா காலு இல்ல, காலக் கயட்டுனா நடக்கறதுக்கு நான் இல்ல. எத்த வெளிய வெக்கட்டும், நீங்களே சொல்லிட்டுப் போங்க சார்."

ஐந்து விரல்

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்து பூட்ஸைப் பிடுங்கி எறிந்தேன். பழைய லாரி டயரை அடுக்கடுக்காக ஒட்டி, அறுத்து, உரசி, வெறும் பாதம் ஒன்று செய்தேன். தோலும் ஆகாது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் தோல்பட்டையை எடுத்துவிட்டுக் கட்டில் நாடாவைத் தைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கால் என்றால் விரல் வேண்டாமா என்று தோன்றியது. செதுக்க உட்கார்ந்தேன். சுண்டுவிரல் மட்டும் மூன்று தடவை உடைந்தது.

எங்கள் மேஸ்திரி இருபத்தைந்து வருஷ அனுபவசாலி. பூட்ஸ் இல்லாமல் கால் செய்யலாமா, செய்தால் அதை ரிஜிஸ்தரில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவருக்கும் குழப்பம். காலைக் கையில் எடுத்துக் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறாரா, பாராட்டப்போகிறாரா என்று தெரியாமல் நின்றேன்.

"இன்னாய்யா இது, நகம்லாம் வெச்சிக்கீற? அத்த வெட்டிவுடறதுக்கும் மாசாமாசம் நீயேதான் மலைக்குப் போவப்போறியா?"

களத்தில்

அறுப்பு சமயத்தில் கேம்ப் வந்தது. வேலை முடிந்ததும் ஓடினேன். வெள்ளச்சி காட்டுக்குள் இரண்டு காலில் நின்று அறுத்து முடித்திருந்தாள். தலையில் சாமைக் கட்டோடு களத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் விந்தி நடந்தாலும் கட்டு ஆடவில்லை. சாணம் மெழுகின களத்தின் ஓரத்தில் சின்னான் வழியை மறித்தான்.

"அத்தக் கயட்டிட்டு வா அண்ணி. டயருல செஞ்சது. என் செருப்பும் டயருதான், நான் வெளிய வுட்டுட்டு வர்ல?" என்றான். நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் சிக்கல். கழற்றினால் அவளால் கட்டைச் சுமக்க முடியாது. கட்டு அவன் கைக்குப் போகும், காடு அதன் பின்னாலேயே போகும். எல்லாரும் காலைச் செய்த என்னைப் பார்த்தார்கள். "இது காலுதான்... அதாவது கால் மாதிரி... உபகரணம்" என்று நான் உளறினேன். கட்டின் கனத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஊர் வழக்கெல்லாம் தீர்த்துவைக்கிற ஊர்க் கவுண்டர் எழுந்து வந்து குனிந்தார். கட்டைவிரலைக் கிள்ளினார். "நோவுதா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள் வெள்ளச்சி. பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம். நாலு பேர் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. களத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் கழுவிக்கொண்டு போகிற தண்ணீர்த் தொட்டியைக் கையால் காட்டினார்.

"இன்னாத்துக்கு செமயோட நிக்கற? கட்ட எறக்கு. மத்தவங்களாட்டம் ரெண்டு காலையும் கழுவிக்கினு, தூக்கிக்கினு உள்ள வா."

மரக்காலில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வெள்ளச்சி அந்த ஐந்து ரப்பர் விரல்களுக்கு நடுவிலும் விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நானே இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினேன்.