எண்ணெய் குடித்த பாசி

நான் கப்பல் வேலை பார்க்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. ராசிபுரத்தில் பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்பமரமும் துணிக்கடை போர்டும் தெரியும். ஆனால் எங்கெங்கோ கடலில் போய்க்கொண்டிருக்கும் கப்பல்கள் நாள்தோறும் நண்பகலில் எங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. எவ்வளவு தூரம் ஓடியது, என்ன வேகம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கப்பல் எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறது, ஏன் குடிக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. லாரிக்காரர் வீட்டு மருமகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வாய்க்காது என்று என் மாமனார் கேலி செய்வார்.

அந்தக் கேலியை நானும் சிரித்துக்கொண்டே கேட்டு வந்தேன். ஒரு நிலக்கரிக் கப்பல் வந்து என் சிரிப்பைக் கெடுத்தது.

அந்தக் கப்பல் சரக்கை இறக்க இடம் கிடைக்காமல், வெதுவெதுப்பான கடலில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. கப்பலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்துக்கு ஒரு தனிப் பெயிண்ட் அடிப்பார்கள். கப்பல் ஓட ஓட அந்தப் பெயிண்ட் மேலாக மெல்ல மெல்லக் கரைந்து, ஒட்ட வரும் உயிர்களை ஒட்டவிடாமல் செய்யும். கப்பல் நின்றுவிட்டால் பெயிண்டும் வேலை செய்யாது. முதலில் வழுவழுவென்று பாசி படியும். பிறகு புல் மாதிரி நீளும். அப்புறம் கொட்டலசு என்கிற, சிப்பி மாதிரி ஓடுள்ள உயிர் வந்து கல்லாக ஒட்டிக்கொள்ளும். அதோடு கப்பலை ஓட்டினால், அதே வேகத்துக்கு எஞ்சின் எவ்வளவோ கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும். கூடுதலாக எரிவதெல்லாம் புகையாக மேலே போகிறது. கடலையே பார்த்திராத எங்கள் மரவள்ளிக் கிழங்கு விவசாயிகளின் தலையிலும்தான் அந்தப் புகையால் கூடும் வெயில் வந்து இறங்குகிறது.

சரக்கை இறக்கிவிட்டு அடுத்த பயணம் கிளம்பிய நாளிலிருந்தே அந்தக் கப்பல் எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்தது. நான் செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். காற்று சாதாரணம், அலை சாதாரணம், சுமையும் வழக்கமான சுமைதான். கப்பலிலிருந்து சீஃப் இன்ஜினியரே ஒருநாள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் இங்கிலீஷில் பேசிய அழகைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், நீங்க சேலம் பக்கமா?"

"ராசிபுரமுங்க."

"அட, நான் தம்மம்பட்டிம்மா!" என்றார். அத்தனை தூரத்திலிருந்தும் அந்தக் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார். "அடியில நல்லா பிடிச்சிருக்கும்மா. டைவரை இறக்கித் தேய்க்கச் சொல்லி நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். யாரும் காதுல வாங்கல. நீங்களும் ஒரு வார்த்தை எழுதுங்க."

ஒரு வார்த்தை என்ன, நான் ஒரு பக்கமே எழுதினேன். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கிறது, அடுத்த துறைமுகத்தில் டைவரைத் தண்ணீருக்கடியில் இறக்கிப் பார்க்க வேண்டும், தேய்ப்பதானால் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், கம்பிப் பிரஷ் போட்டால் பெயிண்டும் சேர்ந்து உரிந்துவிடும் என்றெல்லாம் விளக்கமாக எழுதினேன்.

எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கப்பல் வாடகைக்கு ஓடுகிறது. எண்ணெய்க்குக் காசு கொடுப்பவர் வாடகைக்கு எடுத்தவர். அடிப்பாகத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியவர் உரிமையாளர். எண்ணெய்க்கு யார் காசோ போகிறது, தான் எதற்குக் கப்பலை நிறுத்தித் தேய்க்க வேண்டும் என்று உரிமையாளர் நினைக்கிறார். ஆனால் வாடகைக்காரர் எண்ணெய் எங்கே போனது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரும் அந்த உரிமையாளர்தான்.

"அடிப்பாகம் பத்தின பக்கத்தை எடுத்துடுங்க. எரிஞ்சதா சொல்ற எண்ணெய்க்கும் ஓடின தூரத்துக்கும் பொருந்தலைன்னு மட்டும் இருக்கட்டும்."

"அப்படி எழுதினா இன்ஜினியர் எண்ணெயை வித்துட்டார்னு ஆகும் சார்."

"நாம அப்படிச் சொல்லலையே."

"சொல்லாமச் சொல்றோம்."

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "எமோஷனல் ஆகாதீங்க" என்றார். பெண்கள் உண்மையைச் சொன்னால் அதற்கு இங்கே இதுதான் பெயர். நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவரே எடுத்தார். அறிக்கை அலுவலகத்தின் பெயரில் போனது.

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிக் குமுறிக்கொண்டிருந்தேன். கணவர் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மாமனார் சோளப்பணியாரத்தைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுல உனக்கென்ன சாமி சந்தேகம்? மைலேஜ் உழுந்துச்சுன்னா வேறொண்ணும் பாக்க வேண்டியதில்ல. டிரைவரு கையை மோந்து பாத்தாப் போதும்."

"டிரைவர் கையில டீசல் நாத்தம் அடிக்காம மல்லியப்பூ வாசமா மாமா அடிக்கும்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்து லாரிப் பட்டறைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் நான் காலமெல்லாம் கேட்ட பேச்சு இது. மைலேஜ் குறைந்தால் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், ஆளைப் பார்ப்பார்கள். டயரில் காற்று இருக்கிறதா, ரோடு எப்படி, சுமை என்ன என்பதெல்லாம் பிறகுதான். முதலில் ஆள் திருடன். அந்தப் பேச்சு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கடலுக்கும் போயிருக்கிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த துறைமுகத்திலேயே சீஃப் இன்ஜினியரை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருடன் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. வாயால் மட்டும் சொன்னார்கள். ஊர்வரை பரவ அது போதாதா?

புதிய இன்ஜினியர் ஏறினார். கப்பல் கிளம்பியது. எண்ணெய் முன்பு எவ்வளவு எரிந்ததோ அவ்வளவே எரிந்தது. நாளாக ஆகக் கொஞ்சம் கூடவும் செய்தது. நான் அந்தச் செய்திகளைக் கொண்டுபோய் மேனேஜரின் மேஜையில் வைத்தேன். "இவரும் திருடரா சார்?" என்று கேட்டேன். மனுஷன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார்.

வாடகைக்காரர் சும்மா விடவில்லை. டைவரை இறக்கினால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றார். இறக்கினார்கள். அவர்கள் எடுத்த வீடியோ எங்களுக்கும் வந்தது. இத்தனை வருஷமாக நான் ஒரு கப்பலின் அடியைப் பார்த்ததே இல்லை. பச்சைத் தண்ணீரில் டைவரின் விளக்கு வெளிச்சம் போகிற இடமெல்லாம் தாடி தாடியாகப் பாசி ஆடியது. அதை விலக்கினால் கொட்டலசு, ஒன்றின்மேல் ஒன்றாக, கைவைக்க இடமில்லாமல். புரொப்பெல்லர் இறக்கைகள்கூடச் சொரசொரவென்று இருந்தன. இத்தனையையும் இழுத்துக்கொண்டுதான் அந்தக் கப்பல் கடலைக் கடந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. அடுத்த நிமிஷமே கண் கலங்கிவிட்டது. யாராவது எமோஷனல் என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று துடைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

தேய்த்தார்கள். பெயிண்ட் நல்லவேளையாகக் கெடவில்லை. கப்பல் மறுபடி ஓடியபோது எண்ணெய் பழைய அளவுக்கு இறங்கியது. புகையும் அந்த அளவுக்குக் குறைந்தது. உடனே எல்லோருக்கும் குஷி வந்துவிட்டது. உரிமையாளர் தம் கம்பெனி எப்படிப் பூமியைக் காப்பாற்றுகிறது என்று பெருமையாக ஒரு கடிதம் எழுதி, அதில் எங்கள் அலுவலகத்துக்கும் நன்றி சொல்லியிருந்தார். மேனேஜர் பாதாம் அல்வா வாங்கி வந்து மேஜை மேஜையாகக் கொடுத்தார். என் மேஜைக்கு வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

"அந்த இன்ஜினியருக்கு யார் சார் சொன்னாங்க?"

"என்னன்னு?"

"அவர் எடுக்கலைன்னு."

"அவரை இப்ப யாரும் எதுவும் சொல்லலையே. அது முடிஞ்சுபோன விஷயம். அல்வா எடுத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவையாவது மாமனாரின் வாயை அடைத்துவிட வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் அசரவே இல்லை. பல்லைக் குத்திக்கொண்டே, ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"இருக்கும் சாமி. நம்ம ஊட்டு வண்டியிலயே அப்படி ஆச்சே. ஆடி மாசம் ஒரு டிரைவரை வேலைய வுட்டு அனுப்புனோமே, டீசல் திருடறான்னு. அப்பறம் பட்டறையில தூக்கிப் பாத்தா, பின்சக்கரத்துல பிரேக்கு வுடாமப் புடிச்சுக்கிட்டே ஓடியிருக்குது. மைலேஜ் எங்கிருந்து வரும்?"

"அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா மாமா?"

"எதுக்குஞ் சாமி? அவன் எடுக்கலீன்னு அவனுக்கே தெரியுமே."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் விடிய விடியக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "நாளைக்கே அவர் ஊட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. போற வரைக்கும் இந்த ஊட்டுல நான் அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்" என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பிறகு அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் தம்மம்பட்டி பஸ் ஏறினேன்.

நாமகிரிப்பேட்டை தாண்டியதும் கொல்லிமலை கூடவே வந்தது. இருபக்கமும் மரவள்ளியும் மஞ்சளும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தம்மம்பட்டியில் கப்பல்காரர் வீடு என்று கேட்டேன். வழி காட்டியவர் காட்டியதோடு நிற்கவில்லை. "புது மாடி ஊடுங்கம்மா. மாடி எப்படி எழும்புச்சுன்னு இப்பத்தானே ஊருக்கே தெரியுது" என்று சிரித்தார். அந்த வாயில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

அவர் வீட்டில்தான் இருந்தார். நான் குரலில் அறிந்த மனிதர் அல்ல. ஷேவ் செய்யாமல், பனியனோடு, எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றார். வேலைக்கு எங்கே கேட்டாலும், போன கப்பலிலிருந்து ஏன் பாதியில் இறங்கினீர்கள் என்று கேட்கிறார்களாம். அதற்குமேல் யாரும் பேசுவதில்லையாம். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். இதையெல்லாம் சொன்னது அவர் மனைவி. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். கொட்டலசு வந்த இடத்தில் அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேனே" என்று மனைவியிடம் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் எடுக்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும் என்று நான் தாழ்ந்த குரலில் சொன்னேன். அதிகம் படித்தவள் ஆறுதல் சொல்கிற தொனி என்னையறியாமல் வந்துவிட்டது.

அவர் மனைவி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும்னா யாருக்கும்மா தெரியும்? திருடன்னு சொன்னப்ப தெரு முழுக்கக் கேட்டுச்சு. இல்லன்னு சொல்றதை மட்டும் ஏன் வீட்டுக்குள்ள உக்காந்து மெதுவா சொல்றீங்க?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சை அங்கேயே விட்டேன். எழுந்தேன். "விடுங்க மேடம், வேண்டாம்" என்று அவர் தடுத்தார். மனைவி தடுக்கவில்லை. எதிரில் டீக்கடை. நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் தெரு நடுவில் போய் நின்று, எங்கள் காட்டில் ஆளைக் கூப்பிடுகிற குரலை எடுத்தேன்.

"இந்த ஊட்டுக்காரரு எண்ணெயைத் திருடலீங்க! கப்பலுக்கடியில பாசியும் சிப்பியும் புடிச்சு, அதுதானுங்க எண்ணெயைக் குடிச்சுது! படம் வெச்சிருக்கேன், வந்து பாருங்க!"

குடத்தில் தண்ணீர் வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது சரிம்மா, அதைச் சொல்ல நீங்க யாரு? அவங்க சொந்தமா?"

"இல்லீங்க" என்றேன். "எண்ணெயைக் காணோம்னு எழுதி அனுப்புன ஆபீஸ்காரிங்க."