தட்டில் விட்ட இரண்டு நாற்று

இந்த ஊரில் ஏப்ரல் பிறந்தால் மண் வீட்டுக்குள் குடிவந்துவிடுகிறது. வெளியே குளிர் என்று, ஜன்னல் ஓரங்களில் தட்டுத் தட்டாக மண் வைத்து விதை தூவுகிறார்கள். கிணத்துக்கடவில் எங்கள் அம்மா தக்காளித் தோட்டத்திலிருந்து வந்தால், வாசலில் காலைக் கழுவாமல் உள்ளே நுழையமாட்டார். இங்கிலாந்துக்கு வந்த ஆறாவது வருடம் நானும் அப்படி ஒரு தட்டு வைத்தேன்.

விதை, பக்கத்து வீட்டு டேவிட் கொடுத்தது. பாப்பி, நம் கசகசாச் செடிக்கு உறவு, சிவப்பாகப் பூக்கும். போன வருடம் இறந்துபோன அவர் மனைவி சேர்த்து வைத்தது. உறைமேல் அந்த அம்மாவின் கையெழுத்து இருந்தது. பாதியை டேவிட் விதைத்து நத்தை தின்றுவிட்டதாம். கடைசி மீதியை என்னிடம் நீட்டினார். நான் விவசாயக் குடும்பம் என்று அளந்து வைத்திருந்ததன் பலன். இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது என்றார். இங்கே பூனை, செடி எல்லாவற்றையும் அப்படித்தான் பேசுவார்கள் என்று சிரித்து வைத்தேன். நாற்று நடுவதை எனக்கா சொல்ல வேண்டும்?

விரல் உயரம் வந்ததும் அம்மா செய்தபடியே செய்தேன். நாற்றங்காலில் பிடுங்கி, மண்ணை உதறி, ஈரச் சாக்கில் கட்டி, பொழுது சாயும் நேரத்தில் நடுவார். நாற்று தலை தொங்கிப் படுத்துவிடும். மூன்றாம் நாள் நிமிர்ந்துவிடும். பத்து வயதில் நான் அந்தக் கட்டுகளை வரப்பில் சுமந்திருக்கிறேன். இங்கே மூன்றாம் நாளும் நிமிரவில்லை, ஏழாம் நாளும் நிமிரவில்லை. ஒற்றை வேர் ஆழமாக இறங்குகிற செடி அது. உதறியதில் வேர் அறுந்துவிட்டது. பிடுங்கக்கூட லாயக்கில்லை என்று நான் தட்டிலேயே விட்ட இரண்டு நோஞ்சான்கள்தான் மிச்சம்.

டேவிட்டிடம் போய்ச் சொன்னேன். பரவாயில்லை என்றார். எங்கள் ஊரில் என்றால் நாலு வார்த்தை திட்டு வாங்கியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அதன்பின் ஒரு மாதம் அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. செத்துப்போனவளின் கடைசி விதையைக் கொன்றுவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூனில் இரண்டும் மொட்டு வைத்தன. தட்டைத் தூக்கி இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவர்மேல் வைத்தேன். முதல் பூ விரிந்த காலை, டேவிட் செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றார். தொடவில்லை. மனைவியின் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து தண்ணீர் அவர் வேலை. விதை முற்றினால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். குருமாவுக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டு, தட்டை உற்றுப் பார்த்தார்.

"இதை எப்பக் கண்ணு எடுத்து நடுவே?"

"நடலீங்கம்மா. எடுத்தாச் செத்துப்போகுமுங்க."

"அதுக்காக மண்ணுல எறக்காம எத்தன நாளைக்கு அம்மணி இப்படியே வெச்சிருப்பே?"

ஊருக்கு எப்போது வருவாய் என்று வாராவாரம் கேட்பவர் அன்று அதைக் கேட்கவில்லை. காற்று அடித்துப் பூ உதிர்ந்தது. மூன்று இதழ் டேவிட் பக்கம் விழுந்தது, ஒன்று என் பக்கம்.