சித்தப்பாவை அப்பா என்று காட்டிய காலை

கடலுக்கடியில் சங்கு எடுக்கிறவர் அப்பா. நீரின் அழுத்தம் அவர் காதுகளை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுவதுபோல்தான் பேசுவார். அவர் தம்பி, என் சித்தப்பா, துறைமுகத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தா. ஷூ போடுவார், மெல்லப் பேசுவார். டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் தகப்பனையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும் அம்மா முடிவுசெய்தாள்: அப்பாவாகச் சித்தப்பா வருவார்.

ஒரு வாரம் பழக்கினார்கள். சித்தப்பா வாசலில் வந்து நிற்பார். நான் "அப்பா" என்று ஓடவேண்டும். கால் ஓடும். நாக்கு பாதி வழியில் நின்றுவிடும்.

"ஏளா, அங்கன போயி வாய் தவறிச் சித்தப்பான்னு சொன்னியோ, காலம் பூரா கருவாடு காயப்போடத்தான் நீ லாயக்கு," என்றாள் அம்மா. கருவாடு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது ஏதோ பேயின் பெயர்போல இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்குப் போன காலை அப்பாவும் கூடவே வந்தார். பள்ளிக்கு வெளியே சர்பத் கடையோரம் அவரை நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

தலைமையாசிரியை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சித்தப்பா எழுந்து "எஸ் சிஸ்டர்" என்றார். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று எங்கள் மாதா கோயிலில் சொல்லித்தந்ததும் இதே வெள்ளை உடுப்புப் போட்ட இன்னொரு சிஸ்டர்தான்.

"உன் அப்பா யாரு, காட்டு பாப்போம்?"

சித்தப்பாவைக் காட்டினேன். விரல் என்னுடையதாகவே இல்லை.

அப்போது சன்னல் வழியே வந்தது அந்தக் குரல். "வாட்ச்மேன் அண்ணாச்சி! எம் மவளச் சேத்தாச்சா?"

சிஸ்டரின் பேனா நின்றது. "யாரது?"

சித்தப்பா ஷூவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான்தான் சொன்னேன்: "எங்க தெருக்காரவுக சிஸ்டர். காது கேக்காது. எல்லாப் பிள்ளையளையும் மவன்னுதான் சொல்லுவாவ."

சிஸ்டர் சிரித்தார். இடம் கிடைத்தது.

திரும்புகையில் பஸ்ஸில் அம்மா நான் சொன்ன பொய்யை அப்பாவின் காதில் கத்திச் சொன்னாள். அடி விழும் என்று நான் ஜன்னலோடு ஒண்டிக்கொண்டேன். அவரோ கண்டக்டரைக் கூப்பிட்டு, "எம் மவ வக்கீலுக்குத்தாம்லே படிப்பா!" என்று பஸ் அதிரச் சிரித்தார். தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு.

பள்ளி திறந்தபின், கடலுக்குப் போகாத நாட்களில் அப்பாதான் கொண்டுவிடுவார். வழியெல்லாம் பேச்சு. பள்ளித் தெரு முனை வந்ததும் நின்று, பையை என் தோளில் மாட்டிவிட்டு, வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டுவார். காது போனதுபோல் அவருக்குக் குரலும் போகிறதோ என்று பயந்து, வகுப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த முனையில் மட்டும் குரல் ஏன் போகிறது என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.