கடல்பாம்பு வேண்டுமென்று கேட்டேன்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். அப்போது என் வாடகை வீட்டுக் கொல்லையில் ஐந்து பாம்புகள் வளர்த்தேன். நல்லபாம்பு, சாரை, மண்ணுளி, தண்ணீர்ப்பாம்பு, கட்டுவிரியன். டீத்தூள் வந்த மரப்பெட்டிகளின் முன்பக்கத்தில் கம்பிவலை அடித்து வரிசையாக வைத்திருந்தேன். ஊரில் என்னைப் பாம்புக்காரன் என்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். நல்லபாம்பைக் கோலால் தூக்கிக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் எனக்குத் தராத மரியாதை அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

ஆறு மாதத்தில் எல்லாம் பழசாகிப்போனது. வந்தவர்களே திரும்ப வந்து, "புச்சா இன்னா வச்சிகீற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆறாவதாக எதைக் கொண்டுவருவது என்ற யோசனையிலேயே கிடந்தேன். கண்ணாடி விரியன் மதுராந்தகம் வயல்களில் கிடைக்கும், பிடித்துத் தர ஆளும் உண்டு. "இன்னொரு விரியன் உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று என் மனைவி அதை முடித்துவைத்தாள். பச்சைப்பாம்பு ஏற்கெனவே ஒன்று வைத்து, எதைப் போட்டும் தின்னாமல் பத்து நாளில் செத்திருந்தது. சுருட்டை விரியன் ஒரு முழ நீளம்தான், அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? இப்படித்தான் என் யோசனை போயிற்று. அந்தப் பாம்புக்கு என் வீடு ஒத்துவருமா என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பார்க்கிறவன் வாயைப் பிளப்பானா என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அவன் வந்தான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவன், முப்பது வயதிருக்கும். தாலுகா ஆபீசுக்கு ஏதோ வேலையாக மனைவியோடு வந்தவன், என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தான். அவள் வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. அவன் பெட்டிபெட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா அண்ணாத்த இவ்ளோ கூட்டம்? எங்க வலைல தெனம் வருது, நாங்க தூக்கிப் போட்டுகினு கீறோம்."

"கடல்பாம்பா?"

"ஆமா. வாலு துடுப்பாட்டம் தட்டையா இருக்கும்."

அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. செங்கல்பட்டில் கடல்பாம்பு வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு ஒன்று பிடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லையாம். அது கடல் தெய்வம் கன்னியம்மா வீட்டுப் பிள்ளை, வலையில் வந்தால் வாலைத் தொட்ட வேகத்தில் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்றான். நான் விடவில்லை. என் சாரையை எடுத்து, கழுத்தைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். அவனையும் பிடிக்கவைத்தேன். சாரை சாதுவாக இருந்தது. அவன் கெட்டிக்காரன், உடனே வந்துவிட்டது.

"உப்புத் தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க, தெனம் பஸ் ஏறுவீங்களா? சும்மா போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்றாள் என் மனைவி. விஞ்ஞானக்கூடத்தில் விரிசல் விட்டுக் கிடந்த கண்ணாடித் தொட்டியைத் தாரால் அடைத்து எடுத்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் மண்ணெண்ணெய் டின் ஒன்றோடு குப்பத்துக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றிலும் பதினைந்து பதினைந்து பேர். வலையின் நுனியில் மீன் சேரும் மடி கரைக்கு வந்து மீன் இறங்கும்வரை வெளியாள் அதைத் தொடக்கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். அதனால் டின்னைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளியே நின்றேன். மடியைப் பிரித்ததும் முதல் பாம்பை ஒருவர் பேச்சை நிறுத்தாமலே, அதைப் பார்க்காமலே, வாலைத் தொட்டுக் கடலுக்கு வீசினார். இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை அவன் எடுத்தான். நான் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தைப் பிடித்து, எனக்காக நாலு எட்டு நடந்து வந்து டின்னில் போட்டான். போட்டதும் கையை ஒருமுறை உதறினான்.

கட்டைவிரலின் அடியில் இரண்டு சிறு புள்ளிகள். ஒரு சொட்டு ரத்தம்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணாத்த. மீன்முள்ளு குத்துனாக்கூட வலிக்கும். இது ஒண்ணுமே தெரில."

கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் அவன் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பாம்புக்காரன் நான்தானே. அவனை நிழலில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். விரியன் கடித்தால் கை வீங்கும். வீக்கம் இல்லை. நல்லபாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் இமை தொங்கும். இமை நன்றாகவே இருந்தது. மூன்று பாம்பின் அடையாளம் தெரிந்தவன், நாலாவதற்கும் அதே அடையாளங்களைத் தேடினேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"விஷம் ஏறல. ஏறியிருந்தா இந்நேரம் காட்டியிருக்கும்" என்றேன்.

சிலர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். கிளம்பும்போது அவன், தொடையும் கழுத்தும் வலிக்கிறது என்றான். விடியலிலிருந்து கயிறு இழுத்தவனுக்கு உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? சிரித்துக்கொண்டே, டீ குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். அவன் மனைவிக்கு அப்போதுதான் முகத்தில் தெளிவு வந்தது. இரண்டு கை நெத்திலியை ஓலையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். அன்றைக்கே அதை வறுத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொட்டியைச் சுற்றி என்றுமில்லாத கூட்டம். துடுப்பு வாலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் தம்பி வேர்த்துப்போய் வந்து நின்றான்.

"அண்ணனுக்கு வாயத் தொறக்க முடில. ஒண்ணுக்கு கறுப்பா போவுது. இங்க ஆஸ்பத்திரில சேத்துகீறோம். டாக்டரு எந்தப் பாம்புன்னு கேக்கறாரு."

ஓடினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலில் காப்பி நிறத்தில் சிறுநீர். தாடை இறுகிக் கிடந்தது. இமை இப்போது தொங்கியது. தசைகளைத் தின்கிற விஷம் அது, வீக்கம் காட்டாது, கடித்த இடத்தில் வலியும் காட்டாது என்று டாக்டர் சொன்னார். கடல்பாம்புக்கென்று கொடுக்கத் தன்னிடம் மருந்து எதுவும் இல்லை என்றார். நேற்றே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரை வைத்தியன்கூட இல்லை, எனக்கு அந்த ஒருவனே போதுமாக இருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானமும் அங்கேயே கிடந்தேன். அவன் மனைவி இரண்டு இரவாகக் கண் மூடவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவளிடம் எதுவும் சொல்லாமல் போனார். அவள் என்னிடம் வந்தாள்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? பாம்பு தெரிஞ்சவரு நீங்கதான். நீங்க பாத்து சொல்லுங்கண்ணா. பொழச்சிக்குவாரு இல்ல?"

அவன் மூச்சு எண்ணி எண்ணி வந்துகொண்டிருந்தது. நான் எத்தனையோ எலிகளையும் தவளைகளையும் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவன். சாவு வருவது எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு நேராக அதைச் சொல்லத் தைரியம் இல்லை.

"பொழச்சிக்குவான். நீ கொஞ்சம் படும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என் சொல்லை நம்பி அவள் வராந்தாவில் முந்தானையை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். நாலு மணிக்குள் அவன் மூச்சு நின்றது. வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. நான் அந்தப் பத்தடியை நடக்கவில்லை.

அவன் தம்பி என் சட்டையைப் பிடித்தான், குப்பத்தார் விலக்கிவிட்டார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாம்பு கேட்டதற்கும் திட்டவில்லை, விஷம் ஏறவில்லை என்றதற்கும் திட்டவில்லை. வண்டியில் அவனை ஏற்றும்போது பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன ஏண்ணா எழுப்பல?"