தொண்ணூற்றைந்தாம் நம்பர்

என் தங்கை சல்கினாயின் மார்புச் சுற்றளவை நான் முதன்முதலில் எடுத்தது 1998 செப்டம்பரில், அவள் கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு. தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். அவள் பெயரும் தேதியும் போட்டு என் அளவு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் தலைநகர் பிஷ்கெக்கின் தையல் பட்டறைகளில் இருபத்தேழு வருடம் துணி வெட்டியிருக்கிறேன். அளவு தவறி என் வெட்டு திரும்பி வந்ததில்லை. இரண்டு முறை வந்தது, இரண்டும் துணி சுருங்கியதால்.

அம்மா இறந்தபோது எனக்கு இருபத்தொன்று, சல்கினாய்க்குப் பன்னிரண்டு. அதனால் மணப்பெண்ணின் பெட்டியை நிரப்பும் வேலை என்னுடையதானது. மெத்தைகள், தலையணைகள், புகுந்த வீட்டுப் பெண்களுக்கான தலைத்துணிகள் எல்லாம் வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி ஆறு பிரா வைத்தேன். சந்தையில் கடைக்காரி என்ன நம்பர் என்று கேட்டாள். தொண்ணூற்றாறுக்குப் பக்கத்து நம்பர் தொண்ணூற்றைந்து. அதைச் சொன்னேன். கப் என்று கேட்டதற்கு, நான் போடும் பி-யையே சொன்னேன். சல்கினாய் போட்டுப் பார்க்கவில்லை. சீர்ப்பெட்டியில் வைத்ததை மணப்பெண் பிரித்துப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமில்லை.

அவள் புகுந்த வீடு சூசமிர் பள்ளத்தாக்கில் இருந்தது. கணவன் ஜிர்கல் நல்லவன், அதிகம் பேசாதவன். மே மாதக் கடைசியில் குதிரைகளை மேலே மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய், கம்பளிக் கூடாரம் போட்டு, செப்டம்பரில் இறங்குவார்கள். அந்த நான்கு மாதம்தான் சல்கினாய்க்கு வருடம். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

என் தங்கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பதினொரு பெண்குதிரைகளை, ஒரு நாளைக்கு ஐந்து முறை, அவள் ஒருத்தியே கறந்தாள். குதிரை மாடு மாதிரி இல்லை. முதலில் குட்டியைக் கொண்டுவந்து ஊட்ட விட வேண்டும். பால் இறங்கியதும் குட்டியை விலக்கிப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு தொடையில் வாளியை வைத்து, குதிரையின் பின்னங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கறக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான் அது தாங்கும். கை இசகுபிசகாகப் பட்டால் உதைக்கும். சல்கினாயை ஒரு குதிரையும் உதைத்ததில்லை. அவள் குதிரைப் பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் குமிஸுக்காகக் கணவாய்ச் சாலையில் வண்டிகள் நிற்கும். நிற்பவர்கள் முதலில் விலை கேட்க மாட்டார்கள், "சல்கினாய் வீட்டுதா?" என்றுதான் கேட்பார்கள். நானே ஒருமுறை பேருந்தில் இருந்து அதைக் கேட்டேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும், அவர்கள் மேலே ஏறுவதற்கு முன், நான் ஒரு பொட்டலம் அனுப்புவேன். தேயிலை, கம்பளிக் காலுறை, தலைத்துணி, கூடவே மூன்று பிரா. தொண்ணூற்றைந்து, பி. பதினெட்டு வசந்தத்தில் ஐம்பத்து நான்கு. பெட்டியில் வைத்த ஆறையும் சேர்த்தால் அறுபது. அவள் எப்போதும், "கெடச்சுது அக்கா, நல்லா இருக்கு" என்று போனில் சொல்வாள். மூத்தவர் கொடுத்ததைக் குறை சொல்வது எங்கள் வளர்ப்பில் இல்லை.

2015-இல் அவளுக்கு இடது தோள் வலி வந்தது. பிறகு இரண்டு தோளும். மாமியார், மர்மோட் என்ற மலை அணிலின் கொழுப்பை உருக்கி ராத்திரிகளில் தேய்த்துவிட்டிருக்கிறார். தோளில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். "தண்ணி சுமக்குற எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயின. அந்த இரண்டு விரலும் இல்லாமல் குதிரையைக் கறக்க முடியாது. கோடை முடிவதற்குள் இரண்டு முறை வாளி கவிழ்ந்தது. ஜிர்கல், குதிரைகளை விற்றுவிடலாமா என்று மெல்லக் கேட்டிருக்கிறான். அதைக் கேட்டதும்தான் அவள் எனக்குப் போன் செய்தாள்.

2017 பிப்ரவரியில் பிஷ்கெக் வந்தாள். நரம்பு மருத்துவர் ஒரு பெண். விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளில் இருந்த பள்ளத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"இந்தப் பள்ளம் எத்தனை வருஷமா இருக்கு?"

"தெரியல டாக்டர். எப்பவும் இருக்கு."

"உங்க மார்போட மொத்த எடையும் இந்த ரெண்டு வார்ல தொங்குது. கைக்குப் போற நரம்பு இதுக்குக் கீழதான் போகுது. மருந்து எழுதித் தரேன். ஆனா முதல்ல போய் ஒழுங்கான அளவுல பிரா வாங்குங்க."

"விரல் திரும்பி வருமா? மே மாசம் குதிரையோட மேல போகணும்."

"வலி போயிடும். விரலுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கோடைவரைக்கும் பாருங்க."

எங்கள் பட்டறைப் பெண்கள் ரவுஸா என்ற தாத்தார் இனப் பெண்ணைச் சொன்னார்கள். தொர்தோய் சந்தையில் இரும்புச் சரக்குப் பெட்டகம் ஒன்றுக்குள் உள்ளாடைக் கடை வைத்திருப்பவள், அளந்து பார்க்காமல் யாருக்கும் விற்கமாட்டாள் என்றார்கள். மறுநாள் போனோம். கடைக்குள் ஒரு திரை, தரையில் அட்டை, சின்ன மின் கணப்பு. நான் இரண்டு பேர் கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கை ஜில்லுன்னு இருக்கும், திட்டாத. உம் புருஷனுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் ரவுஸா.

சல்கினாய் சிரிப்பது கேட்டது. பிறகு ரவுஸாவின் குரல் மாறியது.

"இத யாரும்மா வாங்கிக் குடுத்தது?"

அட்டையில் சல்கினாயின் கால் நகர்வது கேட்டது.

"உன்னத்தான் கேக்கறேன். முதுகுல பட்டி கழுத்துக்கு ஏறிக் கெடக்கு. உள்ள என் ரெண்டு கையும் போகுது. யாரு வாங்கினது, மாமியாரா?"

"எங்க அக்கா."

"அக்காவுக்கு உன் மேல அப்படி என்ன கோவம்?"

நான் திரையை விலக்கினேன். "நான்தான் அந்த அக்கா. தையல் பட்டறையில வேலை. அளந்துதான் வாங்கினேன்."

"எங்க அளந்தீங்க?"

நான் என் கையால் காட்டினேன், மார்பு அதிகமாக இருக்கும் இடத்தை.

"அது கவுனுக்கு அளக்கற எடம்" என்றாள் ரவுஸா. திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "இந்த நம்பர் இருக்கே, அது மார்புக்குக் கீழ சுத்தி எடுக்கற அளவு. எடையத் தாங்கறது கீழ இருக்கற பட்டிதான். அது லூசா இருந்தா, பாவம், வாரு என்ன பண்ணும்? தோளத்தான் பிடிச்சுத் தொங்கும்."

அவள் டேப்பை வாங்கி நானே அளந்தேன். கீழே எண்பத்தொன்று. மேலே நூற்றிமூன்று. ரவுஸா பெட்டிகளுக்குள் தேடி, வெளிர் பழுப்பு நிறத்தில் அகல வார் வைத்த ஒன்றை எடுத்தாள். எண்பது, எஃப். அந்த எழுத்து வரை பிராக்கள் தைக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சல்கினாய் அதை மாட்டினாள். ரவுஸா பின்னால் கொக்கி போட்டு, வார்களைக் கொஞ்சம் தளர்த்தினாள். சல்கினாய் கையை மேலே தூக்கினாள், இறக்கினாள், தோளைச் சுழற்றினாள். பிறகு ஒரு முழங்காலை அட்டையில் ஊன்றி உட்கார்ந்து, இல்லாத ஒரு காலைக் கட்டிக்கொள்வது போல் இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்னம்மா, தொழுகையா?" என்றாள் ரவுஸா.

"இல்ல. பால் கறக்கறேன்."

"என் கடையில பலபேர் பல மாதிரி போட்டுப் பாத்திருக்காங்க. குதிரையோட வந்தவ நீதான்."

சல்கினாய் சிரித்தாள். எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே இருந்து மூச்சை இழுத்து விட்டாள், திரும்பவும் இழுத்து விட்டாள்.

"அக்கா, ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு. யாரோ கீழ இருந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "திரையக் கொஞ்சம் மூடுங்க" என்றாள். நாங்கள் மூடினோம். அவள் வெளியே வர நேரமானது.

அதே அளவில் மூன்று வாங்கினோம். திரும்பும் வேனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்: "ஏண்டி சொல்லல? பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பத்தல, குத்துதுன்னு சொல்லியிருக்கலாமே."

அவள் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அளந்து குடுத்தது. நீங்க அளந்தா தப்பா இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? என் உடம்புதான் தப்புன்னு நெனச்சேன்."

இறங்கும்போது அவள்தான் என் பையையும் தூக்கிக்கொண்டாள்.

மே மாதம் அவர்கள் மேலே ஏறினார்கள். போனில், "வலி இல்ல அக்கா, குப்புறப் படுத்துத் தூங்கறேன்" என்றாள். விரலைப் பற்றிக் கேட்டால், மலையில் சிக்னல் சரியில்லை என்பாள்.

ஜூலையில் பட்டறையில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சல்கினாய் நிமிர்ந்து நடந்தாள். அவள் அவ்வளவு உயரம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. துவைத்த பிராவை மட்டும் முன்பு போலவே கூடாரத்துக்குள் அடுப்புக்குப் பின்னால், ஒரு துண்டுக்கு அடியில் காயப் போட்டாள். மாமனார் கண்ணில் படக் கூடாது. பத்தொன்பது வருடமும் அவள் ஈரம் முழுதாய்க் காயாததைத்தான் உடுத்தியிருக்கிறாள்.

முதல் நாள் காலை குட்டிகளைக் கட்டும் கயிற்றுக்குப் போனேன். தரையோடு தரையாக நீளமாக இழுத்துக் கட்டிய கயிறு. அதில் வரிசையாகப் பதினொரு குட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வார். தோல் உராயும் இடத்தில் ஏதோ மெத்தென்று சுற்றித் தைத்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். தையல் எனக்குத் தெரிந்த தையல். நான் அனுப்பிய பிராக்களின் கப் அது. இரண்டாய் மடித்து, ஓரத்தில் நெருக்கமாகத் தைத்து, பஞ்சு வெளியே வராமல் அடைத்திருந்தாள். சிலதில் வாரைக்கூட வீணாக்காமல் குறுக்கே ஓட்டியிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு கப். எண்ணினேன்.

சல்கினாய் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பழசானத எறிய மனசு வரல" என்றாள். "குட்டிங்க கழுத்து நல்லா மெல்லிசு அக்கா. வெறும் வார் போட்டா ஒரே வாரத்துல பள்ளம் விழுந்துடும். அதுக்கு வாயிருக்கா, சொல்ல?"

எனக்கு வாய் இருந்தது. குட்டியின் வாரை நேராக்கிவிட்டேன்.

அவள் மண்டியிட்டாள். கூலா என்று பெயர் வைத்த மங்கிய மஞ்சள் குதிரை. குட்டியை விலக்கி, காலைக் கட்டிக்கொண்டு கறக்கத் தொடங்கினாள். வலது கையில் பால் வேகமாக இறங்கியது. இடது கையில் சொட்டுச் சொட்டாக. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே கறந்தாள். முன்பு அவள் கறக்கும்போது தூரத்து மலையைத்தான் பார்ப்பாள். ஒன்றரை நிமிடத்தில் கூலா பொறுமை இழந்து நகர்ந்தது. பிறகு உதைத்தது. வாளி உருண்டது. அவளை ஒரு குதிரை உதைத்தது அதுதான் முதல் முறை. தொடையில் பட்டது. காயம் பெரிதில்லை.

நான் முயன்றேன். எங்கள் பிறந்த வீட்டில் மாடுதான், குதிரை எனக்குப் பழக்கமில்லை. குதிரைகள் என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. ஜிர்கல் மூன்று நாள் முயன்றான். பால் இறங்கவில்லை. அவற்றுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜோடிக் கை.

நான்காம் நாள் தேநீர் குடிக்கும்போது ஜிர்கல், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் ஆடு மட்டும் போதும்" என்றான். சல்கினாய், "ஆமா. ஆடு போதும்" என்றாள். அடுப்பில் சாணி வில்லை போட்டாள். அவ்வளவுதான்.

செப்டம்பரில் கொச்கோர் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார், வயதானவர், பேச்சுக்காரர். பதினொன்றையும் குட்டிகளோடு வாங்கிக்கொண்டார். அன்று நானும் இருந்தேன். பட்டறையில் விடுப்பு கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். சல்கினாய் ஒவ்வொரு குதிரையாகச் சொல்லிக் கொடுத்தாள்: இதற்கு வலது பக்கம் போகாதீர்கள், இது விசில் அடித்தால் பால் இறக்கும், இதன் குட்டியைக் கண்ணுக்கு எதிரே நிறுத்துங்கள். அவர் தலையாட்டிக்கொண்டே குட்டிகளின் கழுத்து வாரைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, உள்ள மெத்த மாதிரி? நல்லாயிருக்கே. எங்க கெடைக்கும்?"

ஜிர்கல் திரும்பிக் குதிரைச் சேணத்தை இறுக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

சல்கினாய் என் பக்கம் பார்க்கவில்லை.

"எங்க அக்கா பட்டணத்துல இருந்து அனுப்பினது" என்றாள். "அத மட்டும் கழட்டிடாதீங்க அண்ணா. கழுத்துல பள்ளம் விழாம பாத்துக்கும்."