புரோகிராமைச் சுருக்கியதில் என் பங்கு

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் கோலா கெத்தில் ஊருக்குப் போகிற சாலையோரம் நிற்கிற பட்டறை, தூண் முதல் தகரம் வரை என் கையால் எழுந்தது. பழைய மோட்டார் சைக்கிள்கள் மூன்றைப் பிரித்து, செம்பனைக் குலை ஏற்றுகிற வண்டி ஒன்று செய்தேன், இன்றும் ஓடுகிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பை, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் ஒரு சொல் அனுப்பித் திறக்கிற பெட்டி செய்தேன். படிப்பு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. பட்டறை வைக்கப் போகிறேன் என்றதும், "ரப்பர் பால் வெட்டுறவனுக்கு வெல்டிங் எதுக்குடா?" என்று என் சொந்த அண்ணனே கேட்டார். கடைசியாக, புரோகிராமைச் சுருக்குகிற புரோகிராம் ஒன்றும் செய்தேன். இதை மட்டும் யாரும் நம்புவதில்லை. "அது ஒங்க மாப்ள எழுதுனதுலா" என்கிறார்கள். தட்டச்சு செய்தது அவர்தான், மறுக்கவில்லை. அதில் என் பங்கு என்ன என்பதை நானே எழுதிவைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

என் மகளைக் கட்டியவர் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வருவார். பெட்டிக்கு இரும்பு, ஒயர், மூளை எல்லாம் என்னுடையவை. உள்ளே ஓடுகிற புரோகிராம் அவருடையது. புக்கிட் செலம்பாவ், பாடாங் மேஹா பக்கம் மாட்டுக் கொட்டகையிலும் காய்கறித் தோட்டத்திலும் பெட்டியைக் கம்பத்தில் ஏற்றி மாட்டியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு வசதி கேட்டார்கள். தண்ணீர் தீர்ந்தால் சொல்ல வேண்டும், கரண்ட் போனால் சொல்ல வேண்டும், அதையும் தமிழில் சொல்ல வேண்டும். சேர்த்துக்கொண்டே போனதில் புரோகிராம் பெருத்துவிட்டது. ஒரு நாள் பெட்டி, இனி உள்ளே இடமில்லை என்று கைவிரித்தது.

"பெரிய சிப்பு மாத்தணும் மாமா. வேற வழி இல்ல."

"கம்பத்துல தொங்குற எல்லாத்தையும் எறக்கி, பிரிச்சு, மாத்தி, மறுபடி ஏத்தணும். யாரு ஏறுறது, நீங்களா?"

புரோகிராமைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னேன். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் வெள்ளையாகக் கிடக்கிற இடம் யாருக்கும் தெரியுமல்லவா? வரிக்கு முன்னால் காலி, நடுவில் காலி. இடையிடையே அவர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள். ஒவ்வொரு வேலைக்கும் ரயில் நீளத்துக்கு ஒரு பெயர். "இதையெல்லாம் மெஷின் படிக்குதா?" என்று கேட்டேன். படிப்பதில்லையாம், மனிதர்கள் படிக்கத்தானாம். "மெஷினுக்குத் தேவையில்லாதது மெஷினுக்குள்ள எதுக்கு? தூக்குங்க" என்றேன். யோசனை அங்கே பிறந்தது.

மற்ற மொழிகளுக்கு இப்படிச் சுருக்குகிற புரோகிராம்கள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றனவாம். எங்கள் பெட்டி பேசுகிற மொழிக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நாமே செய்வோம் என்றேன். நான்கைந்து ஞாயிறு உட்கார்ந்தோம். நாங்கள் செய்த புரோகிராம் குறிப்பையும் வெற்றிடத்தையும் அழித்தது. நீளப் பெயர்களை ஒற்றை எழுத்தாக்கியது. ஓர் இடத்தில் மாற்றிய பெயரை, அது வருகிற எல்லா இடத்திலும் மாற்றியது. அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பட்டறையில் பெட்டியின் பட்டனை அமுக்கிப் பார்த்தோம்; பம்பு ஓடியது. முதல் பெட்டியாகப் புக்கிட் செலம்பாவில் மாடு வளர்க்கிற ஓர் அக்காவின் பெட்டியில் ஏற்றினோம்.

மறுநாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டார். "அண்ணே, புக்கான்னு பத்து வாட்டி அனுப்பிட்டேன். ஒங்க பெட்டி செத்துப் போச்சா? மாடெல்லாம் காலித் தொட்டிய நக்கிக்கிட்டு நிக்குதுலா!"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டனை அமுக்கினால் பம்பு ஓடுகிறது. திற என்பதற்கு எல்லாரும் அனுப்புகிற மலாய்ச் சொல் புக்கா. அதை அனுப்பினால் அசையவே இல்லை. பெட்டிக்கு உயிர் இருக்கிறது, காது மட்டும் இல்லை.

அங்கே மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தோட்டத்துப் பெரட்டு நினைவுக்கு வந்தது. விடியலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், கூப்பிடுகிற பெயர் வேறு. கங்காணிக்கு லயத்துப் பெயர் தெரியும், சிக்கல் இருக்காது. ஒரு முறை கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. எதிரிலேயே நின்றிருந்த என் அப்பாவுக்கும் அன்று வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "புக்காங்கிற வேலைக்கு இப்ப உள்ள என்னா பேரு?"

தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சி, மாமா. வெறும் சி."

இங்கிலீஷில் அந்த ஒற்றை எழுத்தை அனுப்பினேன். பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. மாடுகள் தொட்டிக்குள் தலையை விட்டன.

அனுப்புகிற சொல் எதுவோ அதுவே உள்ளே வேலைக்கும் பெயராக இருக்கட்டும், இரண்டு எதற்கு என்று பெட்டி செய்தபோதே சொன்னவன் நான்தான். அதையும் மறைக்கவில்லை. சுருக்கியபோது உள்ளே பெயர் மாறிவிட்டது. வெளியே இருக்கிற அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? இனி அந்த ஒற்றை எழுத்தையே அனுப்புங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் புக்கான்னுதான் அனுப்புவேன். ஒங்க பெட்டிய மாத்துங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு ஒரு விதி போட்டேன். வெளியிலிருந்து ஆள் கூப்பிடுகிற பெயரை, சுருக்குகிற புரோகிராம் தொடக் கூடாது. புக்கா, மூடு என்பதற்கான துத்துப் என்று அப்படிப்பட்ட சொற்களை என் கையால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னொரு விதியும் போட்டேன். சுருக்கியபின் அக்கா அனுப்புகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் அனுப்பி, பழைய பெட்டி சொல்கிற பதிலைத்தான் புதிய பெட்டியும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு பெட்டிகூடச் சொதப்பவில்லை. எல்லாம் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கின்றன. காய்கறிப் பாசாருக்குப் போனால் இரண்டு பேராவது நிறுத்திக் கைகொடுக்கிறார்கள். எனக்கு மனம் நிறைந்துதான் இருக்கிறது, ஒன்றைத் தவிர.

சுருக்குகிற புரோகிராமை மாப்பிள்ளை நெட்டில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். எந்த நாட்டுக்காரரோ அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருந்தார். மாப்பிள்ளை அதைப் பெருமையாகக் காட்டினார்.

"என் பேரு எங்க?"

"மொத வரியிலேயே குறிப்புல போட்டிருக்கேன் மாமா." திறந்து காட்டினார். இல்லை. மேலும் கீழும் தேடினார். பிறகு நெற்றியைத் தேய்த்தார். நெட்டில் போடுவதற்கு முன், அந்தப் புரோகிராமை அதைக் கொண்டே சுருக்கியிருக்கிறார். குறிப்பு எல்லாம் போய்விட்டது.

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க சொன்னதுதானப்பா. மெஷினுக்குத் தேவையில்லாதத தூக்கியிருக்கு."

"சரி, ஒன் புருசன் பேரு மட்டும் எப்படித் தப்பிச்சுச்சு?"

அது மேற்கோள் குறிக்குள் இருக்கிறதாம். ஓடத் தொடங்கும்போது திரையில் காட்ட வேண்டிய வாசகமாம். அதைச் சுருக்கினால் தப்பாகிவிடுமாம்.

"அப்ப என் பேரையும் அதுக்குள்ள போடுங்க."

"தமிழ்ல ஒரு எழுத்து, மூணு இங்கிலீஷ் எழுத்தோட எடத்தப் புடிக்கும் மாமா."

"இது பெட்டிக்குள்ளயா ஓடுது? ஒங்க லேப்டாப்புலதான ஓடுது? அங்க என்னா எடப் பஞ்சம்?"

"பாக்கலாம் மாமா" என்று தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன், மாப்பிள்ளை. திரையில் உங்கள் பெயர் வருகிறதே, அதற்கு அடுத்த வரியில் என் பெயர் வர வேண்டும். யோசனையும் விதியும் இவருடையவை என்று பக்கத்தில் எழுதுங்கள். உதவி என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் தமிழில் இருக்கட்டும், முழுப் பெயராக.