தீர்ப்பு என்று பெயர் வாங்கியவர்

எல்லைச் சாவடியில் அவரை எல்லோரும் ‘தீர்ப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்ததால் வந்த பெயர் இல்லை. வம்பை விலைக்கு வாங்கியதால் வந்தது.

ஐந்து நாடுகள் சேர்ந்து இனி ஒரே சந்தை என்று ஒப்பந்தம் போட்ட பிறகும், அந்த மலை எல்லையில் சாவடி அதிகாரியான அவர் வண்டிகளைச் சோதனைக்காகக் கைகாட்டி நிறுத்திக்கொண்டே இருந்தார். நாட்டின் பழைய சட்டம் நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார். தக்காளி ஏற்றி வந்த ஓர் ஓட்டுநருக்கு அது பொறுக்கவில்லை. வழக்குப் போட்டார். ஐந்து நாட்டுக்கும் பொதுவான நீதிமன்றம் வரை போனது. உள்நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும் முட்டிக்கொண்டால் ஒப்பந்தமே செல்லும், இந்த எல்லைகளில் எந்த அதிகாரியும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரு மனுஷன் கையைத் தூக்கப்போய் ஐந்து நாட்டுக்கும் சட்டம் தெளிவாகிவிட்டது. தூக்கியவருக்குக் கிடைத்தது, இன்னொரு தடவை நிறுத்தினால் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கை.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வதுதான் இப்போது வேலை. ஒரே ரோடு, அதில் எவன் வழி கேட்பான்? உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார், திரும்புவார். வீட்டில்கூட லாரிச் சத்தம் கேட்டால் வலது கை தன்னால் மேலே போகும்.

“சாப்பிடும்போதாவது அந்தக் கைய சும்மா வைங்க. டம்ளர் கவிழுது பாருங்க,” என்பாள் மனைவி.

“அது தன்னால போகுது, நான் என்ன பண்ண?”

“பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் அடக்கி வைங்க. அது போதும்.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கமாட்டாள்.

ஒரு நாள் காலை சிமெண்ட் லாரி ஒன்று வந்தது. பின்சக்கரத்திலிருந்து பிரேக் கருகும் புகை. சாவடி தாண்டி இரண்டு வளைவு, அப்புறம் செங்குத்தான இறக்கம், அடியில் ஜனம் நெருக்கும் சந்தை. அவர் வெளியே பாய்ந்து கையைத் தூக்கிவிட்டார்.

ஓட்டுநர் ஹாரன் அடித்தான். “நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்ல சார்! தீர்ப்பு இருக்கு!”

அந்தத் தீர்ப்பேதான் எதிரே நிற்கிறது என்று அவனுக்கு எங்கே தெரியும்? லாரி போய்விட்டது.

“அண்ணே, வேணாம், விட்டுடுங்க!” என்று சாவடிக்குள்ளிருந்து கத்தினார் கூட வேலை செய்பவர்.

அவர் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். மகள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. பாதி வழியில் சட்டென்று நின்று, சீருடைச் சட்டையைக் கழற்றிப் புதர்மேல் வீசினார். அதிகாரிதானே நிறுத்தக்கூடாது? வெறும் பனியனோடு இரண்டாம் வளைவின் நடுரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

லாரி அலறிக்கொண்டு வந்து, அவர் மூக்கை இடிக்காத குறையாக நின்றது.

“யோவ், சாக வேற இடம் கிடைக்கலயா? யாருய்யா நீ?”

“யாரும் இல்லப்பா. இறங்கிப் பின்சக்கரத்தப் பாரு.”

ஓட்டுநர் இறங்கிப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான், கீழே சந்தையைப் பார்த்தான், அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

“நீங்க மட்டும் நிறுத்தலன்னா...”

“நான் எங்கப்பா நிறுத்தினேன்?” அவர் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “நீயாத்தான் நின்ன. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு, சாமி. என் பொண்ணு இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கா.”